பெரட்டுக்களத்தில் ஒப்பாரி

ஏழு வயதில் நான் ஒருமுறை செத்திருக்கிறேன். நன்றாகவே செத்தேன் என்று வண்டிப்பெரியார் பக்கத்து எங்கள் தேயிலை எஸ்டேட்டில் இன்றைக்கும் சிலர் சொல்வார்கள். அந்தப் பெருமையைக் கடைசி நேரத்தில் நானே கெடுத்துக்கொண்டேன்.

எழுபதுகளின் நடுவில் சித்தப்பாவுக்கு நாடகப் பித்து பிடித்திருந்தது. மாரியம்மன் திருவிழாவுக்கு எங்கள் ஆட்கள் எப்போதும் போடுவது ராஜா ராணி நாடகம். லயத்து வரிசை வீட்டில் ஒரே அறையில் ஏழு பேர் படுத்துக்கொண்டு, மேடையில் மட்டும் அரண்மனை! இந்தத் தடவை நம்ம கதையைப் போடுவோம் என்றார் சித்தப்பா. நம்ம கதை என்றால், ஆள் பிடிக்க வந்த கங்காணியின் பேச்சை நம்பிக் கம்பம் பக்கத்திலிருந்து எங்கள் முன்னோர் குமுளி மலையேறி நடந்து வந்த கதை. வழியில் ஒரு பெண்குழந்தை காய்ச்சலில் சாகிறது. கங்காணி நின்று அழக்கூட விடுவதில்லை. தாய்க்காரி பிள்ளையைத் தழையால் மூடிவிட்டு எழுந்து நடக்க வேண்டும். அந்தப் பிள்ளை நான். நாடகத்தில் என் பெயர் காமாட்சி.

தாய் வேடம் சித்தப்பாவுக்கு. பொம்பளை வேடத்தையும் ஆம்பளைதான் கட்ட வேண்டும் என்பது அன்றைய வழக்கம். மீசையை வழித்துவிட்டு, சித்தியின் சேலையைச் சுற்றிக்கொண்டு, என்னை மடியில் போட்டு அவர் அழ ஆரம்பித்தால் ஒத்திகை பார்க்க வந்த கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். செத்துக் கிடக்கும் நானும் சேர்ந்து சிரிப்பேன்.

மூன்றாம் நாள் ஒத்திகையின் நடுவே அத்தை எழுந்து வந்தாள். அப்பாவுக்கு அக்காள். கொழுந்து கிள்ளியே விரல் நுனியெல்லாம் கறுத்துப்போன, அதிகம் பேசாத மனுஷி.

“எந்திரிடா. நீ அழுதா சாவுக்கே கேவலம். நா கட்டுதேன்,” என்றாள்.

ஒரு பொம்பளையே மேடையேறி வேடம் கட்டுவதை எங்கள் ஜனம் எப்படியோ முணுமுணுத்துக்கொண்டே ஏற்றிருக்கும். அத்தை நிஜ ஒப்பாரியே பாடப்போகிறாள் என்றதும்தான் கோயில் தலைவர் குதித்தார். சாவு விழாத இடத்தில் ஒப்பாரி எடுக்கக்கூடாது, விளையாட்டுக்குக் கூட வாயில் வரக்கூடாது, வந்தால் அது ஒரு சாவைக் கூப்பிட்டது மாதிரி. எங்களுக்கெல்லாம் அந்தப் பயம் உண்டு.

“அம்மனுக்குக் காப்புக் கட்டியிருக்கு. இப்பப் போயி ஒப்பாரியா? யாரு தலைய உருட்டப் பாக்கே?” என்று கத்தினார்.

“சும்மா பாடுனாத்தான அண்ணாச்சி ஆகாது? எம்புள்ளைக்கு நா இன்னும் பாடல.”

அத்தை உட்காராமல் பேசினாள்.

“அவ செத்த அன்னைக்கு, பெரட்டுக்கு வரலைன்னா பேரை வெட்டிருவேன்னாக. கூடையத் தூக்கிட்டுப் போனேன். சாயந்தரம் வந்து பாத்தா மண்ணு மூடிக் கெடக்கு. என்னைய அழ விட்டாகளா? நீங்களும் அங்கதான நின்னிய?”

பெரட்டு என்பது காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுவது. தலைவர் துண்டை உதறினார், மடித்தார், மறுபடி உதறினார். பிறகு குரல் இறங்கியது.

“காப்பு அவுக்கட்டும். அடுத்த ஞாயித்துக்கெழம வச்சுக்கிடு. கோயிலுக்கு முன்னால மட்டும் வேண்டாம் தாயி.”

“கோயிலுக்கு முன்னால யாருக்கு வேணும்? பெரட்டுக்களத்துல பாடுதேன். அங்கதான என்னைய நிக்க வச்சாக.”

இவ்வளவும் நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டதுதான். காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. நாடகம் ஒரு வாரம் தள்ளிப்போனதால் புதுப் பாவாடையும் ஒரு வாரம் தள்ளிப்போகிறதே என்பதுதான் என் துக்கம்.

சித்தப்பா எஸ்டேட் ஆபீசுக்குப் போய் இது பக்தி நாடகம் என்று பணிவாகப் புளுகி அனுமதி வாங்கி வந்தார். யானை நடமாட்டம் இருந்ததால் மத்தியானமே தொடங்கிவிட்டோம். கொழுந்துச் சாக்குகளைத் தைத்துப் படுதா கட்டியிருந்தார்கள். “என்ன நடந்தாலும் கண்ணத் தொறக்காத,” என்று அத்தை எனக்குச் சொல்லியிருந்தாள்.

நான் செத்தேன். கங்காணி வேடக்காரர் கம்பால் தரையைத் தட்டி “நட, நட” என்றார். மூன்றாவது “நட”வில் அத்தை எழுந்துவிட வேண்டும். அவள் எழவில்லை. என்னை இன்னும் இறுக்கிக்கொண்டு பாடத் தொடங்கினாள். அந்தக் குரல் அவள் நெஞ்சிலிருந்து என் முதுகுக்குள் இறங்கியது. எனக்குப் பயமாக இருந்தது. அப்போது அவள் “செல்லத்தாயி” என்று கூப்பிட்டாள்.

அட கண்றாவியே, பெயரை மாற்றிவிட்டாளே! ஒரு கண்ணைத் திறந்தேன். “அத்த, காமாச்சி,” என்று கிசுகிசுத்தேன். மறுபடியும் செல்லத்தாயி. “காமாச்சி அத்த!” முன்வரிசைக்கே கேட்டிருக்கும். யாரும் சிரிக்கவில்லை. கங்காணி வேடக்காரர் கம்பைக் கீழே போட்டுவிட்டுத் தலைகுனிந்து நின்றார்.

முதலில் அம்மா எழுந்து வந்தாள். சாவு வீட்டில் செய்வது போல அத்தையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். பிறகு ஒருத்தி, இன்னொருத்தி. தோளோடு தோள் கோத்து வட்டமாகிவிட்டார்கள். நடுவில் மூச்சுமுட்டிக் கிடந்தேன் நான். ஒவ்வொருத்தி வாயிலும் ஒவ்வொரு பெயர் வந்தது. அந்தப் பெயர்களில் நாடகத்தில் ஆளே கிடையாது. இத்தனை பேரும் சேர்ந்து பாடத்தை மறந்துவிட்டார்களே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஆபீசிலிருந்து ஒருவர் ஓடிவந்து, இது என்ன பக்தி, உடனே நிறுத்துங்கள் என்றார். கோயில் தலைவர் எழுந்து குறுக்கே போய் நின்றார்.

“முடியட்டும் சார். முடிஞ்சதும் அவுகளே எந்திரிப்பாக.”

முடிய வெகுநேரம் ஆனது. அதற்குப் பிறகும் என்னை விடவில்லை. பெண்கள் எல்லோரும் நேரே லயத்துக் குழாயடிக்குப் போனார்கள். அம்மா அத்தையின் தலையில் குடம் குடமாய் ஊற்றினாள். அத்தை கண்ணை மூடிக்கொண்டு, போதும் என்று சொல்லாமல் நின்றாள். அடுத்த குடம் என் தலையில். குளிரில் பல் கிட்டியது. “யாரு செத்தா? எதுக்குக் குளிக்கணும்?” என்று கத்தினேன்.

அத்தை தன் ஈரத்தைப் பிழியாமல் என் தலையைத் துவட்டிவிட்டாள். எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

“ஒரே ஒரு பேரு. அதைப் போயி மறந்துட்டியே அத்த!”

“மறக்கல தாயி,” என்றாள்.

தப்பும் செய்துவிட்டு அத்தை பொய்யும் சொல்கிறாள் என்று, ஈரப் பாவாடையோடு ஓடிப்போய் அம்மாவிடம் கோள் சொன்னேன்.