பூந்தமல்லிக்கு அனுமதி இல்லை

டிங், டிங், டிங். கண்ணைத் திறக்கும் முன்பே தெரிந்துவிடும், சர்வர் யாரையோ வாசலில் நிறுத்திவிட்டது என்று. வருகிற ஒவ்வொரு செய்தியையும் மறித்து, ‘யார் நீ, என்ன வேலை?’ என்று கேட்கும் நிரலுக்கு இன்டர்செப்டர் என்று பெயர். அதற்கு விதி எழுதுவது என் பிழைப்பு. வீடியோ பார்த்துக் கற்றது. இரவில் வேலை, பகலில் அரைத் தூக்கம். உங்களில் பலருக்கும் இந்தக் கதிதானே?

எனக்கு நிலையான வாடிக்கையாளர் ஒருவர்தான்: குமணன்சாவடி ரஹீம் பாய். டயாலிசிஸ் நோயாளிகளை வேனில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறவர். யாரை எங்கே ஏற்றணும் என்று டிரைவர்களின் போனில் இருக்கும் ஆப்புக்கு என் சர்வர்தான் சொல்லும். ஒரு நோயாளி விட்டுப்போனாலும் ஆப்பைத் தூக்கிவிட்டுப் பழையபடி போனுக்கே போய்விடுவேன் என்று முதல் நாளே சொல்லிவிட்டார்.

முதல் வரி

விதிகளை சர்வர் மேலிருந்து கீழாகப் படித்து, பொருந்துகிற முதல் விதியோடு நின்றுவிடும். ‘மற்ற யாருக்கும் அனுமதி இல்லை’ என்பது கடைசி வரியாக வரணும். நான் அதை முதல் வரியாக வைத்துவிட்டேன். சோதனை நாள்தான், நல்லவேளை. ஒரு டிரைவராலும் உள்ளே நுழைய முடியவில்லை. டிரைவர் சேகர் போன் செய்தான்:

“ஊட்லதான் நம்மள மதிக்க மாட்டாங்க, உன் ஆப்புமா அண்ணாத்தே?”

லீவு

அடுத்து, டிரைவர் சர்வரோடு இணையும்போது மட்டும் ஆளைச் சரிபார்த்தேன். பிறகு அவர் அனுப்புகிற செய்திகளைப் பார்க்கவில்லை. முதலாளி மட்டும் அழுத்த வேண்டிய ‘இன்று விடுமுறை’ பொத்தானை சேகர் அழுத்திப் பார்த்திருக்கிறான். எல்லா வேனும் ஷெட்டுக்குத் திரும்பிவிட்டது. பாய் ஒவ்வொரு டிரைவராக போனில் பிடித்து அனுப்பிவைத்துவிட்டு என்னிடம் வந்தார்:

“உள்ள உட்டா மட்டும் போதுமா தம்பி? வந்தவன் இன்னா பண்றான்னு பாக்க வேணாமா?”

பெயர்

அதன் பிறகு ஒவ்வொரு ஊருக்கும் தனி விதி எழுதினேன். திருவேற்காட்டுக்கு வேன் போனது, நசரத்பேட்டைக்குப் போனது. என் சொந்த ஊரான பூந்தமல்லிக்கு மட்டும் போகவில்லை. காலையில் நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது பாய் அழைத்தார். பூந்தமல்லி நோயாளி கமலம்மா ஒன்பது மணி டயாலிசிஸுக்காகத் தெருவில் நிற்கிறார், வேன் வரவில்லை, பாயே ஓடிப்போய்ப் பக்கத்தில் நிற்கிறார்.

ஈரக் கையோடு விதிகளைத் திறந்தேன். ஆப்பில், சாலையோர ஊர்ப் போர்டில் ஆங்கிலத்தில் இருப்பதுபோல் ‘பூனமல்லி’ என்று இருந்தது. நான் விதியில் வாயால் சொல்கிறபடி ‘பூந்தமல்லி’ என்று எழுதியிருக்கிறேன். எழுத்து ஒத்துப்போகாவிட்டால் சர்வர் விடாது. திருத்தினேன், பத்து நிமிடத்தில் வேன் வந்தது, நேரம் தப்பவில்லை. காரணத்தைச் சொன்னதும் பாய் மூச்சுவிடாமல் திட்டினார். கமலம்மா போனைப் பிடுங்கி ஒன்று சொன்னார். பின்னால் பாய் சிரிப்பது கேட்டது. ஆப் பிழைத்தது.

“நீ எழுதினதுதாம்பா சரி, அந்த போர்டை மாத்தச் சொல்லு!”

ஊரில் வருகிறவர் போகிறவரையெல்லாம் யாரென்று கேட்கிற எனக்கு, சொந்த ஊரின் பெயர் போர்டில் எப்படி இருக்கிறதென்று தெரியவில்லை என்பதுதான் இத்தனை வருடத் தொழிலில் நான் தெரிந்துகொண்டது. போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, வாளியில் மிச்சமிருந்ததைப் பிழிந்து கொடியில் போட்டேன். தனியாக இருக்கிற ஒரு ஆளின் துணிதானே, சீக்கிரம் முடிந்தது.