ஜீப் ஏறாத பாதை

எங்கள் சினைப்பசு களவு போனபோது அப்பா டவுன் பொலிஸுக்கு நடையாய் நடந்தார். தேயிலைத் தோட்டத்துப் பாதையில் ஜீப் ஏறாது என்று ஒவ்வொரு தடவையும் திருப்பி அனுப்பினார்கள். மரக்கறி லொறியே எங்கள் மேட்டில் முக்கி முனகித்தான் வரும். அதனால் அவர்கள் சொன்னது எனக்கு நியாயமாகவே பட்டது. அம்மா மட்டும் வெறும் மாட்டுப்பட்டியைத் தினமும் கூட்டிச் சுத்தமாக வைத்திருந்தார்.

தீபாவளிக்குச் சித்தப்பா கொழும்பிலிருந்து வந்தார். அங்கே ஒரு புடவைக் கடையில் வேலை. எங்கள் குடும்பத்தில் தோட்டத்தில் வேலைக்குப் பேர் பதியாத முதல் ஆள் அவர்தான். அந்தப் பெருமையில் வெயில் ஏறும்வரை தூங்குவார். விடியற்காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் போய் வரிசையில் நிற்பவர்களைக் கேலி செய்வார்.

பண்டிகைக்கு மறுநாள் காலை ஜீப் வந்தது. டவுனில் ஒரு நகைக்கடையை உடைத்துவிட்டார்களாம். அதிகாரி என்று யார் வந்து நின்றாலும் எங்கள் ஆட்களின் கால் தானாக வரிசைக்குப் போய்விடும். யாரும் சொல்லாமலே ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், கங்காணி முன்னால் என்று லயத்து வாசலில் நின்றுவிட்டார்கள். லீவு நாள் என்பதுகூட ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

சித்தப்பா மட்டும் தண்ணீர் கொட்டும் பீலியடியில், வாயில் பிரஷ்ஷோடு, அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஏய், நீ ஏன் லைன்ல இல்ல?" என்றார் சார்ஜன்ட்.

"எனக்கு இங்க பேரு இல்லீங்க."

அவர்களுக்கு அது போதுமாக இருந்தது. அப்பா சார்ஜன்டிடம் ஓடிப்போய், "ராலாமி ஐயா, என் தம்பிங்க! நாளைக்குக் கடைக்குப் போகாட்டி வேலை போயிரும்ங்க" என்றார். சித்தப்பாவை ஏற்றி ஜீப் கதவைச் சாத்திய பிறகும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் சார்ஜன்ட் பக்கத்தில் போய், "எங்க மாடு கெடச்சிருச்சா?" என்று கேட்டேன். அம்மா என் வாயைப் பொத்தினார்.

திருடன் நகைக்கடைக்கு அடுத்த தெருவிலேயே அகப்பட்டான். அந்தத் தெருவில் யாரையும் வரிசையில் நிறுத்தியதாக நான் கேள்விப்படவில்லை. சித்தப்பாவை விட்டபோது கொழும்புக் கடையில் வேறு ஆள் சேர்ந்திருந்தான். தைப் பொங்கலுக்குப் பிறகு அவரும் தோட்டத்தில் பேர் பதிந்தார். பெரட்டில் அவர் வாய் திறக்காமல் நிற்பதைப் பார்க்கையில் எனக்கு அழுகை வரும்.

ஆனால் ஜீப் வந்து போன அன்று நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன். "இனிமே பயமில்லம்மா, நம்ம பாதையில ஜீப் ஏறுது" என்று அம்மாவுக்கு ஆறுதல் சொன்னேன். அம்மா மாட்டுப்பட்டியைக் கூட்டுவதை அன்றோடு விட்டுவிட்டார். ஏனென்று எனக்கு அப்போது விளங்கவில்லை.