எஞ்சினுக்குப் பயம் கிடையாது

ஸ்ரீரங்கத்தில் என் மகள் ஆதிரா போகும் செஸ் வகுப்பில் ஒரு வழக்கம். ஆட்டம் முடிந்ததும் பயிற்சியாளர் அதைத் தன் கைபேசியில், ஒவ்வொரு மூவையும் கணக்குப் போட்டு மதிப்பிடும் செஸ் எஞ்சினில் ஏற்றி, அம்மாக்கள் எல்லோரும் பார்க்கும்படி நீட்டுவார். போன ஞாயிற்றுக்கிழமை ஆதிரா குதிரையை வெட்டக் கொடுத்து ஜெயித்திருந்தாள். எதிரே இருந்த பையன் மிரண்டுபோய் ராஜாவைத் தப்பான பக்கம் நகர்த்திவிட்டான். கைபேசியோ அவளுடைய குதிரை மூவ் மேல் சிவப்பாக இரண்டு கேள்விக்குறி போட்டது.

"பாத்தீங்களா மேடம், படுமட்டமான மூவ். லக்குல ஜெயிச்சிருக்கா."

"ஜெயிச்சுட்டா இல்ல சார்?"

"அவன் பயந்துட்டான், அவ்ளோதான். எஞ்சின்கிட்ட இது நடக்குமா?"

பக்கத்து நாற்காலி அம்மா, "என் பையனுக்கு எப்பவும் பச்சைதாங்க வரும்" என்றார். அவரை யாரும் கேட்கவில்லை. ஆதிரா செருப்பை மாட்டிக்கொண்டே அழுதாள். நானா? சிரித்து வைத்தேன். சாருக்குக் கோபம் வந்து அடுத்த போட்டிக்கு அவளைச் சேர்க்காமல் விட்டுவிட்டால்?

அந்தச் சிவப்பைப் பார்த்ததும் எனக்குப் புகை போட்டுப் பழுக்க வைத்த வாழைப்பழ வாசனை வந்தது. சிரிக்காதீர்கள். கல்யாணத்துக்கு முன் நான் வேலை பார்த்தது சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஒரு வாழை மண்டியின் மாடியில். கீழே ஜீயபுரத்துத் தார்கள் பழுக்கும். மேலே நாங்கள் கைபேசிக்கு ஒரு செஸ் எஞ்சின் செய்துகொண்டிருந்தோம். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் என் பையைத்தான் பார்ப்பார்கள், பழம் எங்கே என்று.

என் வேலை சோதனை. பழைய மாஸ்டர்களின் ஆட்டங்களில், புத்தகங்கள் இரண்டு ஆச்சரியக்குறி போட்டுக் கொண்டாடிய மூவ்களை எடுத்துக்கொள்வேன். அதற்கு முந்தைய நிலையை எங்கள் எஞ்சினுக்குக் கொடுத்து, அதே மூவைக் கண்டுபிடிக்கிறதா என்று காத்திருப்பேன். ராணியையே தூக்கிக் கொடுக்கிற மூவ் என்றால் அது திணறும். பக்கத்து மேசை பர்வீனுக்கு அப்போது அவ்வளவு குஷி. "யோசிடா, நல்லா யோசி! செத்துப்போன மனுஷனுக்கு வந்துச்சு, ஒனக்கு வரலயா?" என்று திரையைத் திட்டுவாள்.

ஆனால் சோதனையில் சேர்க்கும் முன், வெளியில் வாங்கிய வலுவான எஞ்சின் ஒன்று ஒவ்வொரு மூவையும் சரிபார்க்கும். அழகானவை பலவும் அங்கேயே விழுந்தன. கொடுத்த ராணியை எதிராளி துணிந்து வெட்டி, நிதானமாக ஆடியிருந்தால் மாஸ்டர் தோற்றிருப்பார். மேலாளர் தலையைக்கூட நிமிர்த்தமாட்டார்.

"தூக்கிடும்மா."

"எதிர்ல ஒக்காந்திருந்தவர் ஆடிப்போயிட்டார் சார். அதுலதான் இவர் ஜெயிச்சதே."

"எஞ்சினுக்குப் பயம் கிடையாதும்மா. தப்பு தப்புதான். தூக்கு."

எனக்குப் பிடித்த ஆட்டங்களெல்லாம் அப்படித்தான் போயின. அந்த ஆள்மேல் இன்னும் ஆத்திரம் தீரவில்லை. என்றாலும் அவருடைய வேலைக்கு அது சரிதானோ என்று தோன்றுகிறது; தப்பான விடையை வைத்துக்கொண்டு பரீட்சை நடத்த முடியாதே. ஆனால் இந்தப் பயிற்சியாளருக்கு என்ன கேடு? அவர் முன்னால் நிற்பது எஞ்சின் இல்லை, எட்டு வயதுக் குழந்தை. இதை அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் அவளுக்கு இன்னும் அவமானமாகியிருக்குமோ?

நேற்று சாயங்காலம் வீட்டில் அவளோடு ஆட உட்கார்ந்தேன். அவள் குதிரையை வெட்டக் கொடுத்தால் என் ராஜா திண்டாடும்படி வேண்டுமென்றே இடம் விட்டு வைத்தேன். பார்த்துவிட்டாள். கை குதிரைமேல் போயிற்று. அங்கேயே நின்றது.

"போடுடி கண்ணு."

"வேணாம்மா. தப்பா இருந்தா?"

ஓரத்துச் சிப்பாயை ஒரு கட்டம் மெல்லத் தள்ளினாள்.

முன்பெல்லாம் காயை வெட்டக் கொடுக்கும்போது பலகை அதிர டொக்கென்று வைப்பாள். கீழ்வீட்டு அம்மா மாடியேறி வந்து, "என்னங்க, அம்மி கொத்துறீங்களா?" என்று சண்டை பிடித்ததுண்டு. இந்த வாரம் முழுக்க அவர் மேலே வரவேயில்லை.