தட்டுச் சத்தத்துக்குப் பழக்கிய நாய்

நாய் வளர்க்க வேண்டும் என்று நான் ஒருநாளும் ஆசைப்பட்டதில்லை. எஸ்டேட் லயத்தில் எங்களுக்கு ஒரு முன்னறையும் ஒரு அடுக்களையும்தான். அதில் மனிதர்கள் இடித்துக்கொள்ளாமல் நடப்பதே பெரிய பாடு. ஆனால் ஒரு மழை நாள் சாயங்காலம், தேயிலை ஃபேக்டரியிலிருந்து திரும்பிய என் வீட்டுக்காரர் வாசலில் நின்று மழைக்கோட்டின் பொத்தானை அவிழ்த்தார். உள்ளேயிருந்து ஈரமான ஒரு மூக்கு எட்டிப் பார்த்தது.

"டவுன்ல ஹோம்ஸ்டே நடத்துனவரு காலி பண்ணிட்டுப் போறாரு. குட்டிய ரோட்டுல விட்டுட்டுப் போகப் பாத்தாரு. மனசு கேக்கல" என்றார்.

"உங்க மனசுதான் எதையுமே கேக்காதே. தீனி யாரு போடுவா? பீய யாரு அள்ளுவா?"

"நாந்தான்."

அந்த 'நாந்தான்' எப்படி முடியும் என்று கல்யாணமான எந்தப் பெண்ணுக்கும் தெரியும். குட்டியை அன்றைக்கே திருப்பி அனுப்பியிருப்பேன். ஆனால் அந்த வருஷம்தான் எங்கள் மகன் பாலக்காட்டுப் பக்கம் கஞ்சிக்கோட்டில் கம்பெனி வேலை கிடைத்துப் போயிருந்தான். அவன் போனதிலிருந்து இந்த மனிதர் வீட்டில் வாயைத் திறப்பதே இல்லை. சோறு வேண்டுமா என்றால் தலையை ஆட்டுவார், போதுமா என்றாலும் அதே ஆட்டுதான். நாய் வந்த அன்று அதைத் துடைத்துக்கொண்டே, ஃபேக்டரியில் நடந்த கதையெல்லாம் அதனிடம் சொன்னார். நான் அடுக்களையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். எத்தனை மாசம் கழித்து அந்தக் குரல்! கண் கலங்கிவிட்டது எனக்கு. அதற்கப்புறம் அந்த நாயை அனுப்ப என்னால் முடியவில்லை.

எனக்கு முடியவில்லை என்பதற்காக லயம் சும்மா இருக்குமா? எங்கள் லயம் ஒரே கூரையின் கீழ் வரிசையாக வீடுகள், எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு சிமெண்ட் வராந்தா. ஒரு வீட்டில் தும்மினால் அடுத்த வீட்டில் 'நூறாயுசு' என்பார்கள். மறுநாளே கடைசி வீட்டுக்காரி வந்துவிட்டாள். என்னைவிட வயதில் இளையவள், என்னோடு ஒரே ஃபீல்டில் கொழுந்து எடுப்பவள். அவள் வீட்டுக்குப் பின்னால்தான் வாழைத் தோட்டம், அதைத் தாண்டினால் காடு. அரிசி வாசத்துக்கு வந்த யானை போன மழைக்காலத்தில் அவள் அடுக்களைச் சுவரைத் தள்ளிவிட்டிருந்தது. அதிலிருந்து அவளுக்கு இலை அசைந்தாலும் பயம்தான்.

"யக்கா, நாய் வச்சிருக்கீகளே, கூப்பிட்டா வருமா?" என்றாள்.

"குட்டிதானே. போகப் போக வரும்."

"போகப் போகவா? ஆனையப் பாத்தா நாய் சும்மா இருக்குமா? குலைக்கும். ஆனை தொரத்தும். தொரத்துனா அது எங்க ஓடி வரும்? உங்க வீட்டுக்குத்தான். ஆனையும் பின்னாலயே வரும். உங்களுக்கும் எனக்கும் ஒரே கூரைலா, யக்கா?"

அவள் சொன்னதில் ஒரு சொல்லைக்கூடத் தள்ள முடியாது. எங்கள் எஸ்டேட்டின் மேல் டிவிஷனில் அப்படித்தான் நடந்தது, எல்லோருக்கும் தெரியும். பெரிதாவதற்குள் கூப்பிட்டவுடன் வருகிற நாயாக அது ஆக வேண்டும், இல்லாவிட்டால் வேறு இடம் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனாள். வராந்தாவில் நின்றவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள்.

இப்படித்தான் நாங்கள் நாய் பழக்கக் கற்றுக்கொண்டோம். என் வீட்டுக்காரருக்குப் போனில் பார்த்த வீடியோக்கள்தான் வேதம். ரஸ்க் துண்டை நாயின் மூக்குக்கு மேலே பிடித்து மெதுவாகப் பின்னால் கொண்டுபோக வேண்டுமாம். மூக்கு மேலே போனால் பின்புறம் தானாகத் தரையில் உட்காருமாம். உட்கார்ந்த அந்த நொடியிலேயே 'உக்காரு' என்று ஒரே ஒரு தடவை சொல்லி, ரஸ்க்கைக் கொடுத்துவிட வேண்டுமாம். அவர் ஒரே ஒரு தடவை சொல்லவா செய்வார்? "உக்காரு, உக்காரு, ஏய், உக்காரு தங்கம், உக்காருடா சொல்லுதேன்ல" என்று ஜெபமாலை மாதிரி அடுக்கிக்கொண்டே போவார். நாய் அவர் முகத்தையும் ரஸ்க்கையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கடைசியில் படுத்துக்கொள்ளும்.

"பாத்தியா, இதுக்கும் மேல கத்துக்கிட்டுது" என்று பெருமைப்படுவார். அட ஆண்டவரே!

என்னதான் கிண்டல் செய்தாலும் கொஞ்சம் கொஞ்சமாக எனக்கும் சில விஷயங்கள் பிடிபட்டன. வயிறு நிறைந்த நாய்க்கு ரஸ்க்கும் ஒன்றுதான், கல்லும் ஒன்றுதான். அதனால் சோற்றுக்கு முன்னால்தான் பழக்க வேண்டும். ஒரு விஷயத்துக்கு வீட்டில் எல்லோரும் ஒரே சொல்லைச் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், கூப்பிட்டு வந்த நாயை அடிக்கவே கூடாது. என் செருப்பைக் கடித்துப் போட்ட அன்று, ஆசையாகக் கூப்பிட்டு முதுகில் ஒன்று வைத்தேன். அதற்குப் பிறகு பல நாள் என் குரலைக் கேட்டாலே அது கட்டிலுக்கு அடியில் போய்விடும். எனக்குத்தான் சங்கடம்.

உட்காருவது, காத்திருப்பது எல்லாம் எப்படியோ வந்தது. கூப்பிட்டால் வருவது மட்டும் வரவில்லை. வீட்டுக்குள் வரும், வெளியே போனால் வராது. மலைக்காற்று என் குரலை வாங்கி எதிர்ப் பக்கம் கொண்டுபோய்விடும். வராந்தா முழுக்கப் பிள்ளைகளைக் கூப்பிடுகிற அம்மாக்கள் வேறு. இதில் எந்தக் குரல் தன் குரல் என்று அது எப்படிக் கண்டுபிடிக்கும்?

அப்போதுதான் என் வீட்டுக்காரருக்கு அந்த யோசனை வந்தது. நாயின் சோற்றுத் தட்டைக் கரண்டியால் 'டங் டங்' என்று அடித்துவிட்டுத்தான் சோறு வைப்பது. தட்டுச் சத்தம், உடனே சோறு. ரொம்ப நாள் ஆகவில்லை. தேயிலைச் செடிகளுக்குள் எங்கே சுற்றிக்கொண்டிருந்தாலும் ஒரு 'டங்' போதும், காதைப் பின்னால் மடித்துக்கொண்டு பறந்து வரும். கடைசி வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக் காட்டினோம். அவளும் முகத்தில் சிரிப்பு வராமல் அடக்கிக்கொண்டு, "சரி, வருது. இருக்கட்டும்" என்றாள். எனக்கு மகன் பத்தாவது பாஸான அன்று வந்த சந்தோஷம்.

சாயங்காலங்கள்தான் இன்றைக்கும் என் கண்ணுக்குள் நிற்கின்றன. வேலை முடிந்து, குளித்து, மாதா படத்துக்கு முன்னால் பாயை விரித்து நான் ஜெபமாலையைத் தொடங்குவேன். எங்கள் அம்மா வழியில் எனக்கு வந்தது அந்த ராகம், கொஞ்சம் இழுத்து, உரக்கச் சொல்லுவது. ஜெபம் முடிந்ததும் பால் விடாத கட்டன் சாயாவும் ரஸ்க்கும். அவர் தன் ரஸ்க்கில் பாதியை எனக்குத் தெரியாமல் கீழே நீட்டுவார். "ஜெபம் பண்ணுத பாயில நாய என்ன படுக்க வைக்கீங்க?" என்று நான் தினமும் சண்டை போடுவேன். நாய் என் காலடியில் தாடையை வைத்து, ரொம்ப பக்தியாகக் கண்ணை மூடிக்கொண்டிருக்கும். வெளியே பனி இறங்கும். அடுப்புப் புகையும் ஃபேக்டரியின் தேயிலை வாசமும் கலந்து கதவு வழியாக வரும். அவர் பேசிக்கொண்டிருப்பார். அவ்வளவுதான், வேறொன்றும் நடக்காது. அந்த ஒன்றும் நடக்காத சாயங்காலங்களில் ஒன்றைத் திருப்பிக் கொடுத்தால் என் கம்மலைக் கழற்றிக் கொடுத்துவிடுவேன்.

யானை வந்தது அப்படி ஒரு சாயங்காலத்தில்தான். வெளிச்சம் இன்னும் முழுதாகப் போகவில்லை. அவருக்கு அன்று ஃபேக்டரியில் சாயங்கால ஷிப்ட். நான் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தேன், நாய் வாசலில் படுத்திருந்தது. கடைசி வீட்டுப் பக்கமிருந்து "ஆனை, ஆனை!" என்று சத்தம். யானை வந்தால் எங்கள் லயத்தில் என்ன செய்வோம்? ஆளுக்கொரு தட்டை எடுத்து வீட்டு வாசலிலேயே நின்று அடிப்போம். காலம் காலமாக அதுதான் வழக்கம். வனத்துறை ஜீப் வந்து சேரும்வரை அதுதான் எங்கள் துப்பாக்கி.

டங், டங், டங் என்று தொடங்கிவிட்டார்கள்.

அந்த நிமிஷத்தில்தான் எனக்கு உறைத்தது. இத்தனை வருஷம் யானை வருகிற ஊரில் இருந்துகொண்டு, தட்டுச் சத்தத்துக்கா நாயைப் பழக்கினோம்! நான் திரும்புவதற்குள் நாய் எழுந்துவிட்டது. காதைப் பின்னால் மடித்துக்கொண்டு, யாரோ பெரிய விருந்து வைக்கிறார்கள் என்ற சந்தோஷத்தில், சத்தம் அதிகமாக வந்த திசையைப் பார்த்து ஒரே ஓட்டம். பெயரைச் சொல்லிக் கத்தினேன். காதில் விழவேயில்லை. புத்தி கெட்டுப்போய் நானும் அதன் தட்டை எடுத்து அடித்தேன். இருக்கிற தட்டுகளோடு அதுவும் ஒரு தட்டு. அதில் தன் தட்டு எது என்று நாய்க்கு எப்படித் தெரியும்?

வராந்தாவின் முனைக்கு ஓடிப் பார்த்தேன். வாழைகளுக்கு நடுவில் கறுப்பாக நின்றது யானை. நாய் அதன் முன்னால் போய், சோறு எங்கே என்று தேடி, நிமிர்ந்து பார்த்தது. பிறகு குலைக்க ஆரம்பித்தது. யானை வாழையை விட்டுவிட்டு மெல்லத் திரும்பியது. தட்டு அடித்தவர்கள் எல்லோரும் அப்படியே நிறுத்திவிட்டார்கள். கடைசி வீட்டுக்காரி கதவை ஒட்டி நின்றாள். இனி யானை ஓர் அடி எடுத்து வைத்தால் நாய் என்னிடம் ஓடி வரும், நாயும் போகும், அவள் வீடும் போகும். ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வருகிற மனிதரிடம் நான் என்ன சொல்லுவேன்? மறுபடியும் தலையை ஆட்டிக்கொண்டு மட்டும் இருப்பாரே!

அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டேன். செய்வதற்கு வேறு எதுவும் இல்லாமல் ஜெபத்தைத் தொடங்கினேன். பயத்தில் குரல் கீச்சென்று உயர்ந்துவிட்டது, ஆனால் ராகம் அதே ராகம். அத்தனை பேரும் வாயடைத்து நின்ற இடத்தில் அது ஒன்றுதான் சத்தம்.

குலைப்பு நின்றது.

கண்ணைத் திறந்தேன். நாய் யானைக்கு முதுகைக் காட்டிவிட்டு, தலையைத் தாழ்த்தி, ஒன்றுமே நடக்காதது போல வராந்தா வழியாக நடந்து வந்தது. வந்து என் காலடியில் படுத்து, தாடையைக் காலில் வைத்து, ரஸ்க்குக்காகக் கண்ணை மூடிக்கொண்டது. யானை காதை ஒரு தடவை விசிறிவிட்டு வாழைக்கே திரும்பியது. நான் ஜெபத்தை நிறுத்தவில்லை. நாயின் கழுத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அழுதுகொண்டே முழுதையும் சொல்லி முடித்தேன்.

யானை போனதும் கடைசி வீட்டுக்காரி என் மேல் பாய்ந்தாள். "தட்டு அடிச்சா ஆனை போகணும். நீங்க நாயைல்லா வர வச்சிருக்கீக! ஞாயித்துக்கெழமைக்குள்ள இதக் கொண்டு விட்டுருங்க" என்றாள். வேலை முடிந்து வந்தவரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் தட்டை எடுத்துப் பரணில் போட்டார். பிறகு நாயின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். சோறு வேண்டுமா என்றதற்குத் தலையை மட்டும் ஆட்டினார்.

மறுநாள் சாயங்காலம் பாயை விரிக்கும்போது அவள் வாசலில் நின்றாள். திட்ட வந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

"நாய் எங்க?" என்றாள்.

"பின்னால ஓடைப் பக்கம் போயிருக்கு."

"நேத்துச் சொன்னீகள்லா, அதச் சொல்லுங்க, பாப்போம்."

சொன்னேன். முதல் மந்திரம் முடியும் முன்னே, நனைந்த காலோடு ஓடிவந்து பாயில் படுத்தது நாய். அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். அப்புறம் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, பாயின் மறு ஓரத்தில் உட்கார்ந்தாள். நெற்றியில் திருநீறு, முந்தானையில் ஒரு பாக்கெட் ரஸ்க்.

"யக்கா, இத எனக்கும் சொல்லிக்குடுங்க. ஆனை எம்பக்கந்தான் வருது. நீங்க இல்லாத நேரம் இந்தக் கழுதைய யாரு கூப்பிடுவா?"

என் வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி அதன்பின் யாரும் பேசவில்லை.

எங்கள் இருவருக்கும் வேலைக் காலம் முடிந்து லய வீட்டைத் திருப்பிக் கொடுத்தோம். இப்போது பாலக்காட்டில் மகனோடு ஒரு மாடி வீட்டில் இருக்கிறோம். வெயில் என்றால் வெயில், சட்டியில் போட்டு வறுக்கிற வெயில். நாய் கூடாது என்று வீட்டுச் சொந்தக்காரர் முதலிலேயே சொல்லிவிட்டார். மலையில் வளர்ந்த நாய்க்கும் இது ஆகாது. கிளம்பிய அன்று என் வீட்டுக்காரர் ஜீப்பில் முன்னால் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். நான் திரும்பிப் பார்த்தேன். கடைசி வீட்டுக்காரி அதன் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

சாயங்காலமானால் அவளுக்குப் போன் செய்வேன். "இருங்க யக்கா, ஃபீல்டுல சுத்துது, கூப்புடுதேன்" என்று போனை வராந்தாவில் வைத்துவிடுவாள். முருகன் படத்துக்கு விளக்கு ஏற்றிய கையோடு, எங்கள் அம்மா வழி ராகத்தில் மாதா ஜெபத்தைத் தொடங்குவாள். நடுவில் ஓரிடம் முன்னே பின்னே போகும். நான் திருத்துவதில்லை. என் வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து போனில் காதை ஒட்டிக்கொள்வார். சிமெண்ட் தரையில் நகங்கள் உரசி வரும் சத்தம் கேட்கும்.

"வந்துட்டான்" என்பார்.

அவன் ரஸ்க்கைக் கடித்து முடிக்கும் வரைக்கும் நாங்கள் இரண்டு பேரும் அசைய மாட்டோம்.