வெள்ளைச் சட்டை மெக்கானிக்

தாராவியிலிருந்து வந்த அந்த மெக்கானிக், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் பைக்கை விட்டு இறங்கினார். தாடி நரைத்த திருநெல்வேலி பாய். அந்தக் கோலத்தைப் பார்த்ததுமே எனக்கு நம்பிக்கை போய்விட்டது.

மும்பை அணுசக்தி நகரில் அன்று காலையிலிருந்து என் கார் ஸ்டார்ட் ஆகவில்லை. சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். நான் இன்ஜினியர். மீட்டர் வைத்துப் பார்த்தேன். பேட்டரி பன்னிரண்டரை வோல்ட் காட்டியது. ஸ்டார்ட்டர் மோட்டார்தான் போய்விட்டது என்று தீர்மானித்து, அதைக் கழற்ற இரண்டு மணி நேரம் காருக்கடியில் கிடந்தேன். ஒரு போல்ட்கூட அசையவில்லை. மனைவி என்னைக் கேட்காமலே இந்த பாய்க்குப் போன் செய்துவிட்டாள்.

"ஹெட்லைட்டப் போட்டுட்டுச் சாவியத் திருப்புங்க சார்."

திருப்பினேன். விளக்கு சுத்தமாக அணைந்தது.

"மீட்டர எங்க வச்சுப் பாத்திய?"

"பேட்டரியிலதான்."

"பேட்டரி நல்லாத்தான் இருக்கு. அதுலேருந்து வயருக்குக் கரண்ட் போவலியே."

பேட்டரி முனையில் மாட்டியிருந்த கிளாம்பை மட்டும் கழற்றினார். உள்ளே வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. உப்புத்தாளால் தேய்த்து இறுக்கி மாட்டினார். அடுத்த திருப்பில் வண்டி உறுமியது.

"இந்த வேலைக்கு வெள்ளைச் சட்டையா பாய்?" என்றேன்.

"கோளாறு எங்கன்னு தெரிஞ்சா ஒரு எடத்துலதான சார் கை வப்போம்? சட்ட எதுக்கு அழுக்காவுது?"

சொல்லும்போது தலை சற்று நிமிர்ந்தது. ஆனால் கிரீஸ் அப்பிக் கிடந்த என் சட்டையை அவர் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. அவருடைய கெட்டிக்காரத்தனத்தைவிட அதைத்தான் இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை.