தாய்க்கு முதல் மடக்கு

ஆடிக் காற்று அடித்தால் போதும், அந்தப் பால்மாவு வாசம் இன்றைக்கும் என்னைத் தேடி வந்துவிடுகிறது. சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. சங்கரன்கோவில் ஆஸ்பத்திரியில் பிள்ளைகள் வார்டுக்குப் பால் கரைப்பதும் கஞ்சி காய்ச்சுவதும் என் வேலை. கப்பலில் வந்த மாவு அது. டின்னைத் திறந்ததும் பறக்கும். மத்தியான வெயிலில் அது மெல்ல இறங்குவதையே பார்த்துக்கொண்டு நிற்பேன். கட்டில்கள், பிள்ளைகள், நான், எல்லாருமே மிதப்பதுபோல் இருக்கும். கையில் கரண்டி இருப்பதே மறந்துபோகும்.

அந்த மிதப்புக்குள்தான் குருவிகுளம் பக்கத்துப் பெண் ஒருத்தியும் அவள் மகனும் இப்போதும் தெரிகிறார்கள். அடுத்த பிள்ளை வயிற்றில் வந்ததால் தாய்ப்பால் நின்றுபோன சவலைப்பிள்ளை அவன். காலும் முகமும் வீங்கி, முடி செம்பட்டையாகி, எதைக் கொடுத்தாலும் வாயை இறுக்கிக்கொண்டான். இப்படியே போனால் பிள்ளை தங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அவளோ, பிள்ளை சாப்பிடுகிறவரை தானும் சாப்பிடுவதில்லை என்று கோமதியம்மனுக்கு நேர்ந்துகொண்டு வெறும் தண்ணீரில் கிடந்தாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“வயித்துல ஒண்ணு கெடக்கு. பட்டினி கெடந்து ரெண்டையும் கொல்லப் போறியாட்டி?”

“அம்பாளே ஒத்தக் கால்ல தவசு நின்னாளேக்கா. எம் பிள்ளைக்காக நான் கெடக்கக் கூடாதா?”

பிள்ளையிடம் பால் டம்ளரை நீட்டினேன். அவன் பாலைப் பார்க்கவில்லை. தாயின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். வீட்டில் ஒரே கும்பாவில் அவள் ஒரு வாய், அவன் ஒரு வாய் என்றுதான் சாப்பிடுவார்களாம், அவளே சொல்லியிருந்தாள். அவள் வாய் திறக்காமல் இவன் திறக்கமாட்டான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

முந்தானையில் முடிந்து வைத்திருந்த கோயில் புற்றுமண்ணை அவிழ்த்தேன். எங்கள் ஊரில் எந்த நோய்க்கும் முதல் மருந்து அதுதான். வேறொரு டம்ளர் பாலில் ஒரு சிட்டிகை போட்டு அவளிடம் நீட்டினேன்.

“இது சாப்பாடு இல்ல, பிரசாதம். அம்பாள் குடுக்கத வேண்டாம்னு சொல்லுதியா?”

அவள் டம்ளரை வாங்கிக்கொண்டாள். என் தந்திரம் அவளுக்குப் புரியாமலா இருந்திருக்கும்? கண்ணை மூடிக்கொண்டு ஒரு மடக்குக் குடித்தாள். தொண்டை ஏறி இறங்கியது.

பிள்ளையின் வாய் திறந்தது. மண் போடாத பாலில் ஒரு கரண்டி எடுத்து ஊட்டினேன். விழுங்கினான். அடுத்த கரண்டியை நீட்டியபோது, வீங்கிய கையால் அதைத் தாயின் பக்கம் தள்ளினான். அடுத்த வாய் அவளுக்காம்.