மரக்காணத்தில் புதைத்த கேரியர்

செஞ்சியில் வளர்ந்தவர்களுக்குச் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்த வெளியில் வைக்க மனசு வராது. கோட்டைக் குரங்குகள் கற்றுக்கொடுத்த ஒழுக்கம் அது. மலைக்குப் போனால் கட்டுச்சோற்றைப் பாறை இடுக்கில் செருகி, கல்லை வைத்து மூடிவிட்டுத்தான் வேடிக்கை பார்க்கவே போவோம். குரங்கே இல்லாத கடற்கரையிலும் எங்கள் அப்பா, அதாவது நைனா, இந்த ஒழுக்கத்தைக் கைவிடாததால்தான் எங்கள் குடும்ப மானம் மரக்காணத்தில் சிரிப்பாய்ச் சிரித்தது.

அறுபதுகளின் நடுவில் ஒரு மார்கழி மாதம். அரைப் பரீட்சை லீவு. எனக்கு ஒன்பது வயது, தம்பிக்கு ஆறு. நைனா தாலுகா ஆபீசில் குமாஸ்தா. மரக்காணத்துக்குப் பக்கத்தில் கழுவெளிச் சதுப்பு ஏரியில் பூநாரைகள் வந்து இறங்கியிருப்பதாக அவருடைய மேலதிகாரி சொல்லி, போய்ப் பார்க்கும்படி தன் பைனாகுலரையும் இரவல் கொடுத்துவிட்டார். மேலதிகாரி பேச்சுவாக்கில் சொன்னதைக்கூட உத்தரவாக எடுத்துக்கொள்வது நைனாவின் சுபாவம். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு கிளம்புவது என்று முடிவாயிற்று. பறவை பார்த்துவிட்டு, அப்படியே கடலையும் பார்த்துவிட்டு, மூன்று மணி பஸ்ஸைப் பிடிப்பது திட்டம்.

அம்மாவுக்குப் பறவை ஒரு பொருட்டே இல்லை. அவள் அதுவரை கடலைப் பார்த்ததில்லை. விடியற்காலையில் புளியோதரை கிளறிக்கொண்டே, "கடல்ல எறங்கலாமாங்க?" என்று கேட்டாள்.

"எறங்கறதுக்கா போறோம்? கரையில குந்திப் பாரு. பொம்பள நனஞ்ச பொடவையோட பஸ்ல வந்தா நாலு பேரு இன்னா சொல்லுவாங்க?"

அந்த நாலு பேரை நான் இன்றுவரை சந்தித்ததில்லை. திண்டிவனம் தாண்டியதும் அம்மா, "கணுக்கால் அளவுக்காச்சும்..." என்று மறுபடியும் ஆரம்பித்தாள். நைனா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கே அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

பூநாரைகள் இருக்கத்தான் இருந்தன. தண்ணீருக்கு அந்தப் பக்கம், யாரோ வெளுத்த புடவைகளை வரிசையாகக் காயப்போட்ட மாதிரி தெரிந்தன. பைனாகுலரை நைனா கழுத்தைவிட்டுக் கழற்றவில்லை. இரவல் பொருள் கை மாறினால் உடைந்துவிடும் என்பது அவர் கட்சி. ஆகவே அவர் பார்த்தார், நாங்கள் கேட்டோம்.

"இப்ப ஒண்ணு தலைய உள்ள வுட்டுடுச்சு. தோ, எடுத்துடுச்சு. மறுபடியும் வுட்டுடுச்சு."

ஒரு மணி நேரம் இப்படியே தலை உள்ளே போவதும் வெளியே வருவதுமாக இருந்தது. தம்பி பொறுமையிழந்து, "அது எப்ப நைனா பறக்கும்?" என்று கத்தினான். அவ்வளவுதான், அத்தனையும் பறந்துவிட்டன. சிறகுக்கு அடியில் அப்படியொரு சிவப்பு! நாங்கள் மூன்று பேரும் வெறும் கண்ணால் பார்த்தோம். நைனா அந்த நேரம் பார்த்துப் பைனாகுலரின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

உப்பளங்களைத் தாண்டி, மாட்டு வண்டியில் கடற்கரைக்குப் போனோம். அம்மா வண்டியிலிருந்து இறங்கி அப்படியே நின்றுவிட்டாள். "இவ்ளோவா!" என்று மட்டும் சொன்னாள். நைனாவின் கவலை வேறு. வலை உலர்த்திக்கொண்டிருந்த மீனவரிடம் போய், "இங்க கொரங்கு உண்டா?" என்று விசாரித்தார். அவர் எங்கள் நாலு பேரையும் ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இதுவரைக்கும் இல்ல சார்" என்றார்.

'இதுவரைக்கும்' என்ற சொல் நைனாவுக்குத் திருப்தியாக இல்லை. மேலே காக்கைகள் வேறு சுற்றிக்கொண்டிருந்தன. சோற்றுக் கேரியரை அம்மாவிடமிருந்து வாங்கி, அலை வந்து தொடும் இடத்துக்கு இரண்டு அடி மேலே பள்ளம் தோண்டிப் புதைத்தார். "ஈர மணல்ல சோறு கெடாது" என்று விளக்கமும் சொன்னார். அடையாளத்துக்குத் தன் இடது கால் செருப்பைக் கழற்றி மேலே வைத்தார். அது அம்மாவின் தாய்வீட்டுச் சீரில் வந்த நாலடுக்குப் பித்தளைக் கேரியர். பிறகு அம்மாவை மூட்டைகளுக்குக் காவலாக மேட்டில் உட்கார வைத்துவிட்டு, எங்களை நண்டு பார்க்க அழைத்துப் போனார்.

பசியோடு நாங்கள் திரும்பி வந்தபோது செருப்பைக் காணோம். செருப்பு இருந்த இடத்தையும் காணோம்.

"எவன்டா செருப்ப எடுத்தவன்?" என்று நைனா கத்தினார்.

"தண்ணி ஏறுதில்ல சார்" என்றார் மீனவர், சிரிப்பை அடக்க முடியாமல். "காலால தடவிப் பாருங்க, அங்கியேதான் இருக்கும்."

எங்கள் ஊர் ஏரியில் தண்ணீர் இரண்டு அடி முன்னால் வர வேண்டுமென்றால் பத்து நாள் விடாமல் மழை பெய்ய வேண்டும். நைனாவுக்குத் தெரிந்த தண்ணீர் அதுதான். அவர் இறங்கித் தேடவும் வழியில்லை. தீபாவளிக்குத் தைத்த காலோடு ஒட்டிய அந்தக் காலத்து இறுக்கப் பேண்ட், கணுக்காலுக்கு மேல் சுருட்டவே வராது. கழுத்தில் மேலதிகாரியின் பைனாகுலர். எனக்கும் தம்பிக்கும் அலை மார்பளவு வரும்.

"எங்கம்மா வூட்டு கேரியரு" என்றாள் அம்மா. யாரிடமும் கேட்கவில்லை. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கிவிட்டாள். கேரியரைப் புதைத்தது தானேதான் என்பதால் நைனாவால் தடுக்க முடியவில்லை.

முதல் அலையிலேயே தலையோடு நனைந்தாள். "அய்யோ!" என்று கத்தினாள், பிறகு சிரித்தாள். நைனா கரையில் நின்று, பத்தடி தூரத்தில் இருந்த அம்மாவை பைனாகுலர் வழியாகப் பார்த்து உத்தரவு போட்டார்.

"இன்னும் கொஞ்சம் கெழக்க போ. கெடச்சுதா?"

"இல்லீங்க!"

"காலால நல்லா துழாவு."

"துழாவிகினுதான் இருக்கறேன்!"

அரை மணி நேரம் ஆயிற்று, முக்கால் மணி ஆயிற்று. தம்பி பசியில் அழவே ஆரம்பித்துவிட்டான். எனக்கு எரிச்சலாக வந்தது. துழாவுகிறேன் என்று சொன்னாளே தவிர, அம்மா நின்ற இடத்தைவிட்டு அசையவே இல்லை. ஒவ்வொரு அலை வரும்போதும் கையை விரித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். தேடத் தெரியவில்லையே என்று நினைத்தேன். "அம்மா கால நகத்தவே மாட்டேங்குது, நைனா" என்று கோள்கூடச் சொன்னேன். "சும்மா இரு" என்றார் அவர், கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கடைசியில் பஸ் நேரம் வந்துவிட்டது. "போனா போவுது, ஏறி வா. வேற வாங்கிக்கலாம்" என்றார் நைனா. அம்மா நின்ற இடத்திலேயே குனிந்தாள். முகம் முங்க, கையை மணலுக்குள் விட்டு இழுத்தாள். நிமிர்ந்தபோது கேரியர் கையில் இருந்தது.

புளியோதரையில் கடல் தன் பங்குக்கு உப்புப் போட்டிருந்தது. மேல் அடுக்குத் தயிர்சோறு மட்டும் எப்படியோ தப்பித்தது. அதை ஓட்டமும் நடையுமாகத் தின்றுகொண்டே பஸ்ஸைப் பிடித்தோம். ஒற்றைச் செருப்போடு நைனா தம்பியை இழுத்துக்கொண்டு முன்சீட்டுக்குப் போனார். அம்மா ஈரப் புடவையோடு நடுங்கிக்கொண்டே என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எப்பம்மா கேரியரு கெடச்சுது?" என்று கேட்டேன்.

அவள் முன்சீட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டு என் காதோரம் குனிந்தாள். "எறங்கன ஒடனே கால்ல இடிச்சுது."

"அப்றம் ஏன் எடுக்கல?"

"எடுத்துட்டா ஏறி வரணுமே. அதும்மேலயேதான் நின்னுகினு இருந்தேன்."

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. தம்பி அழுதது, என் வயிறு காய்ந்தது, பஸ்ஸுக்கு ஓடியது எல்லாம் நினைவுக்கு வந்தன. காலடியில் கிடைத்ததைக் குனிந்து எடுக்கத் தெரியாத ஒருத்தி எனக்கு அம்மாவாக வாய்த்தாளே என்று நொந்துகொண்டு, செஞ்சி வந்து சேரும்வரை அவளோடு நான் ஒரு வார்த்தை பேசவில்லை.